கறை தெரிகிற துணி: வெள்ளை உடையும் மன அமைதியும்

வெள்ளை உடுத்தால் மனசு ஆறும் என்ற பேச்சு எங்கள் மத்தியில் இப்போது ஒரு முடிந்த தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. ஜும்ஆ மிம்பரில் கேட்கிறோம், ரமழான் மலர்களில் வாசிக்கிறோம், ஹஜ் வழிகாட்டல் வகுப்புகளிலும் சொல்லித் தருகிறார்கள். சொல்லும் முறையும் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் வெள்ளை ஆடையைச் சிறப்பிக்கும் ஒரு ஹதீஸ் வரும். அதன்பின் "இன்றைய விஞ்ஞானமும் இதைத்தானே சொல்லுது" என்று ஒரு வரி. கடைசியில், வெள்ளை நரம்புகளைத் தணிக்கும், கோபத்தை அடக்கும், உள்ளத்தைச் சாந்தப்படுத்தும் என்ற முடிவு.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் இந்த வகை எழுத்து இரண்டு இடங்களில் இடறுகிறது. விஞ்ஞானம் என்று அது காட்டுவது விஞ்ஞானத்தில் அவ்வளவு இலேசாக இல்லை. மார்க்கம் என்று அது காட்டுவதிலும் பாதியை விட்டுவிடுகிறது. இந்த இரண்டையும்விடப் பெரிய குறை இன்னொன்று உண்டு. எங்கள் கண்முன்னே, இந்த நாட்டிலேயே, வெள்ளைத் துணி ஒரு பெரிய வேலை செய்தது. அதைப் பற்றி இந்த எழுத்துகளில் பேச்சே இல்லை.

விஞ்ஞானத்தை முதலில் பார்ப்போம். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், ஆகவே உடம்பு குளிரும், உடம்பு குளிர்ந்தால் மனம் குளிரும் என்பது வழக்கமான வாதம். வெள்ளைத் துணி ஒளியைத் திருப்புவது உண்மை. ஆனால் 1980இல் 'நேச்சர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. கொதிக்கிற பாலைவனத்தில் பதவி அரபிகள் ஏன் கறுப்பு அங்கி உடுத்துகிறார்கள் என்று கேட்டு, கறுப்பு அங்கியையும் வெள்ளை அங்கியையும் போட்டு அளந்து பார்த்த ஆய்வு அது. கறுப்புத் துணி கூடுதலாகச் சூடேறியது மெய்தான். ஆனால் அங்கி தொளதொளவென்று இருந்ததால் உள்ளே ஓடிய காற்று அந்தச் சூட்டைத் தோலுக்கு வரவிடாமல் வெளியே கொண்டுபோய்விட்டது. இரண்டு அங்கிக்குள்ளும் உடம்புக்குப் போய்ச் சேர்ந்த சூடு ஒன்றுதான். அங்கே ஆளைக் காப்பாற்றியது அங்கியின் தளர்ச்சி. நிறத்துக்கு அதில் பெரிய பங்கில்லை.

மனதைப் பற்றியும் ஒரு ஆய்வு உண்டு. 2012இல் அமெரிக்காவில் இரண்டு உளவியலாளர்கள் ஒரே வெள்ளை மேலங்கியைச் சிலருக்கு 'இது வைத்தியரின் அங்கி' என்று சொல்லியும் வேறு சிலருக்கு 'இது ஓவியரின் அங்கி' என்று சொல்லியும் போடக் கொடுத்தார்கள். வைத்தியர் அங்கி என்று நம்பிப் போட்டவர்களின் கவனம் கூடியது. ஓவியர் அங்கி என்று நம்பியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. துணி ஒன்று, வெள்ளை ஒன்று, வேறுபட்டது அதற்குக் கொடுத்த பெயர் மட்டும். இதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. 2019இல் வேறு ஆய்வாளர்கள் இதே ஆய்வின் இன்னொரு சோதனையைத் திரும்பச் செய்தபோது எதிர்பார்த்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே இதையும் ஓங்கிப் பிடிக்க முடியாது. 'விஞ்ஞானம் சொல்லுது' என்று ஒரே வரியில் கடந்துபோகிறவர்கள் இந்த இழுபறியைச் சொல்வதே இல்லை.

போகட்டும், வைத்தியசாலைக்கே வாருங்கள். வீட்டில் சரியாக இருக்கிற இரத்த அழுத்தம் வைத்தியரைக் கண்டதும் ஏறிவிடுகிற ஆட்கள் ஏராளம். அதற்கு வைத்தியத்துறை வைத்திருக்கிற பெயரே 'வெள்ளை அங்கி உயர் குருதியழுத்தம்'. வெள்ளை இயல்பாகவே மனதைத் தணிக்கும் என்றால் இந்தப் பெயர் பிறந்திருக்காது. இலங்கையில் வாழ்ந்த எங்களுக்கு இன்னொரு வெள்ளையும் தெரியும். ஒரு காலத்தில் 'வெள்ளை வேன்' என்ற இரண்டு சொல்லைக் கேட்டாலே பெற்றதுகளுக்கு அடிவயிறு கலங்கியது. ஆளைத் தூக்கிக்கொண்டு போய்க் காணாமலாக்குகிற வாகனத்தின் நிறமாக வெள்ளை இருந்த நாட்டில் இருந்துகொண்டு, 'வெள்ளையைப் பார்த்தாலே அமைதி' என்று எழுத ஒரு மறதி வேண்டும்.

வரலாறும் இதையே சொல்கிறது. அப்பாஸியர் ஆட்சியின் நிறம் கறுப்பு. அதை எதிர்த்துக் கிளம்பியவர்கள் வெள்ளையை எடுத்துக்கொண்டார்கள். 8ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவில் முகன்னஃ என்பவனின் பின்னால் திரண்டவர்களுக்கு 'முபய்யிளா', அதாவது வெள்ளை உடுத்தோர், என்றே பெயர். கலீபாவின் படைக்கு அந்த வெள்ளை கலகத்தின் அடையாளம். அதே காலத்து உலகத்தின் மறுகோடியில், அந்தலூஸில், முஸ்லிம்கள் துக்கத்துக்கு வெள்ளை உடுத்தார்கள். கிழக்கே கலகம், மேற்கே துக்கம், இரண்டுக்கும் ஒரே நிறம்.

ஆக, வெள்ளை தன்பாட்டில் எதையும் சொல்வதில்லை. யார் உடுத்துகிறார், எந்த இடத்தில், எதற்காக என்பதில்தான் அதன் பொருள் இருக்கிறது. அப்படியானால் எங்கள் மார்க்கம் அதற்கு என்ன பொருள் கொடுத்தது?

வெள்ளை உடுங்கள், உங்கள் ஆடைகளில் அது சிறந்தது, உங்கள் மையித்துகளையும் அதிலேயே கபனிடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. இன்னொரு அறிவிப்பில், அது கூடுதல் தூய்மையானது, நல்லது என்று காரணமும் வருகிறது. கவனியுங்கள். சொல்லப்பட்ட காரணம் தூய்மை. நரம்பைத் தணிக்கும் என்ற பேச்சு அங்கே இல்லை. உயிரோடு இருப்பவனின் உடுப்பையும் மையித்தின் உடுப்பையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னதிலும் ஒரு கனதி இருக்கிறது. எங்கள் மலர்க் கட்டுரைகள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை மெல்ல விட்டுவிடுகின்றன. பெருநாள் உடுப்பு விற்கிற விளம்பரத்துக்குப் பக்கத்தில் கபன் பற்றி எழுதினால் நல்லா இருக்காதுதானே!

அதேநேரம் ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் வெள்ளை மட்டும் உடுத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு மிகப் பிடித்த ஆடை யெமன் நாட்டுக் கோடு போட்ட 'ஹிபரா' என்று அனஸ் (ரழி) அறிவிப்பது புகாரியில் உள்ளது. மக்கா வெற்றியன்று தலையில் இருந்தது கறுப்புத் தலைப்பாகை. இஹ்ராமிலும் ஆணுக்கு விதி தைக்காத துணி என்பதுதான். வெள்ளையாக இருப்பது விரும்பத்தக்கது. பெண்ணுக்கு அந்த நிறக் கட்டும் இல்லை, அவள் தன் வழமையான உடுப்பிலேயே இஹ்ராம் கட்டுகிறாள். வெள்ளைதான் ஆன்மிகத்தின் நிறம் என்று பேசுகிறவர்கள், அறபாவில் நிற்கிற பெண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

தொழுகையின் ஆரம்பத்தில் ஓதப்படுகிற துஆக்களில் ஒன்றில், வெள்ளைத் துணியை அழுக்கிலிருந்து சுத்தம் செய்வதுபோல என்னைப் பாவங்களிலிருந்து சுத்தம் செய்வாயாக என்ற கருத்து வருகிறது. உவமைக்கு ஏன் வெள்ளைத் துணி? கறுப்பிலும் கபிலத்திலும் அழுக்கு ஒளிந்துகொள்ளும். வெள்ளையில் ஒளிய முடியாது. ஒரு பொட்டுக் குழம்பு பட்டாலும் ஊருக்கே தெரியும். வெள்ளையை உடுத்தவன் நாள் முழுக்கத் தன்னைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு விளங்கிய வரையில் மார்க்கம் வெள்ளைக்குக் கொடுத்த பொருள் இதுதான்: கறை தெரிகிற துணி. அது தருவது முதலில் விழிப்பு. அமைதி என்று ஒன்று வருமானால் கறையைக் கழுவிய பிறகு வரும்.

ஜிப்ரீல் (அலை) மனித உருவில் வந்து ஈமானையும் இஸ்லாத்தையும் கேட்ட சம்பவத்தையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். பளிச்சென்ற வெள்ளை உடுப்பு, கருகருவென்ற முடி, பயணம் செய்த அடையாளம் ஒன்றும் இல்லை. அவரை யாருக்கும் தெரியாது. உமர் (ரழி) சொல்லும் இந்த வர்ணனையின் திகைப்பு எங்கே இருக்கிறது? மதீனாவின் புழுதியில் வெளியூர்க்காரர் ஒருவர் கறைபடாத வெள்ளையில் வந்து நிற்கிறார். மனுசனால் அப்படி வரமுடியாது. கறைபடாத வெள்ளை மலக்குக்குத்தான் உரியது. மனுசனின் வெள்ளை கழுவிக் கழுவி வருகிற வெள்ளை.

கழுவுவது யார் என்ற கேள்வியை இங்கே கேட்டாக வேண்டும். நான் இதை எழுதுவது தீவகத்தில், ஊர்காவற்றுறைக்குப் போகிற வழியில் உள்ள புளியங்கூடலில் இருந்து. தீவுகளில் கிணறு வெட்டினால் பெரும்பாலும் உவர்த் தண்ணிதான். நல்ல தண்ணிக்குத் தேடிப் போகவேண்டும், இல்லாவிட்டால் பவுசர் வரும்வரை காத்திருக்க வேண்டும். உவர்த் தண்ணியில் சவர்க்காரம் நுரைக்காது. நாலு தரம் தோய்த்தால் வெள்ளைச் சேட்டு மஞ்சளடித்துவிடும். ஆகவே இங்கே ஒரு வெள்ளை உடுப்பு வெள்ளையாகவே இருப்பதற்கு ஒரு விலை உண்டு. சுமந்து வந்த தண்ணி, போட்ட நீலம், கசக்கிய கை. ஆண்கள் ஜும்ஆவுக்கு வெள்ளையில் போய் அமைதியாக இருந்துவிட்டு வருகிறார்கள். அந்த அமைதியை வியாழன் பின்னேரம் கிணற்றடியில் நின்று தோய்த்துக் காயப்போட்டது வேறு ஒருத்தி. ரஸூலுல்லாஹ் (ஸல்) தங்கள் உடுப்பைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அறிவித்ததை மேடையில் சொல்கிறோம். அந்த சுன்னத்தைப் பேணுகிற வெள்ளை ஜுப்பாக்காரர் ஊருக்கு எத்தனை பேர்?

எங்கள் அயலவர்களான சைவ மக்களின் வழமையிலும் இதே கேள்வி கிடக்கிறது. யாழ்ப்பாணத்துக் கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் 'வெள்ளை கட்டுதல்' என்று ஒரு முறை இருந்தது. பந்தலின் மேலே வெள்ளைத் துணி கட்டுவதும், நடக்கிற இடத்தில் நிலபாவாடை விரிப்பதும், ஊரார் 'கட்டாடி' என்று அழைத்த சலவைத் தொழிலாளியின் கடமை. சபைக்குத் தூய்மையைக் கொண்டுவந்த அந்தக் கைகளுக்குச் சபையில் சமமான இடம் இருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை போடக்கூடாது, வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்கக்கூடாது என்ற தடைகளும் அதே மண்ணில் இருந்தவை. அயலவரின் குறையைச் சொல்லிக்காட்ட இதை எழுதவில்லை. வெள்ளையின் தூய்மையைப் புகழ்கிற எந்தச் சமூகமும் அதை வெளுத்தவர்களை மறந்துவிடும் என்பதற்கு இது கையெட்டுகிற தூரத்தில் உள்ள சாட்சி.

பெண்ணின் உடம்பில் வெள்ளை ஏறும்போது கதை இன்னும் கடினமாகிறது. கணவன் மௌத்தாகிவிட்டால் எங்கள் வீடுகளில் அவளுக்கு வெள்ளைச் சாரி உடுத்தி இத்தாவில் வைக்கிற வழமை பரவலாக உண்டு. நாலு மாதமும் பத்து நாளும் அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும், நறுமணம் பூசக்கூடாது, அலங்காரத்துக்காகச் சாயமிட்ட உடுப்புக் கூடாது என்பது மார்க்கச் சட்டம். கட்டாயம் வெள்ளைதான் உடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அந்த வெள்ளை பெரும்பாலும் ஊர் வழமையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. கைம்பெண்ணுக்கு வெள்ளைச் சீலை உடுத்தி மூலையில் இருத்திய அயல் வழமையின் சாயல் அதில் இருக்கிறது. சாயலோடு நின்றாலும் பரவாயில்லை. இத்தா முடிந்து வருசக்கணக்கான பிறகும் அவள் ஒரு பச்சைச் சாரி உடுத்தால் "இவளுக்கு இப்ப என்ன கலர் கேக்குது" என்று கேட்கிற நாக்குகள் எங்கள் ஊர்களிலும் உண்டு. அந்த வெள்ளை அவளுக்கு அமைதி தந்ததா, அவளை அமைதியாக இருக்கச் சொன்னதா? இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை 'வெள்ளையின் மகிமை' எழுத்துகள் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெருந்தொகையான ஆட்கள் ஒன்றாக வெள்ளை உடுத்து நிற்கும்போது அங்கே ஏதோ ஒன்று நடக்கத்தான் செய்கிறது. போயா நாட்களில் குறிகட்டுவான் இறங்குதுறையைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். நாகதீப விகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரிகர்கள் தலையிலிருந்து கால்வரை வெள்ளையில் வரிசையாக நிற்பார்கள். அதே படகுக்கு, நாகபூசணி அம்மனிடம் போகிற வேட்டிக்காரரும் நிற்பார். நயினாதீவு முஸ்லிம் ஒருவர் தொப்பியோடு சாமான் மூட்டையையும் வைத்துக்கொண்டு நிற்பார். கொஞ்ச நேரம் யார் யார் என்று பிரிக்கத் தோன்றாது. யுத்தம் கண்ட கடலில் அந்தக் கொஞ்ச நேரம் பெரிய விசயம். ஆனால் படகு கரை தட்டியதும் அவரவர் வெள்ளை அவரவர் வாசலுக்குப் போய்விடும்.

இஹ்ராமின் வெள்ளையைப் பற்றி எழுதியவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். மல்கம் எக்ஸ் 1964இல் ஹஜ்ஜுக்குப் போனார். அரசன் யார், குடியானவன் யார் என்று பிரித்தறிய முடியாத அந்த உடுப்பு, நிறத்தால் மனுசரைப் பிரிக்கிற நாட்டிலிருந்து வந்த அவரை உலுக்கிவிட்டது. தன் சுயசரிதையில் அதைச் சொல்கிறார். ஈரானிய அறிஞர் அலீ ஷரீஅத்தி தன் ஹஜ் நூலில் உடுப்பை மனுசருக்கிடையே போட்ட வேலியாகப் பார்க்கிறார். மீகாத்தில் அதைக் கழற்றுவதை 'நான்' என்பதைப் புதைப்பதாக வாசிக்கிறார். இருவரின் வாசிப்பிலும் வெள்ளை தருவது சமத்துவம். அந்தச் சமத்துவத்தின் வழியாகத்தான் அமைதி. ஆனால் இன்றைய மக்காவில், கஃபாவுக்கு நேரே 601 மீற்றர் உயரத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கிறது. தவாப் முடித்து வெளியே வரும்போது எல்லோர் மேலும் அதே இரண்டு வெள்ளைத் துண்டுகள்தான். ஒருவர் மின்தூக்கியில் ஏறிப் பள்ளியைப் பார்த்த யன்னலுள்ள அறைக்குப் போகிறார். மற்றவர் பஸ் பிடித்துத் தூரத்தில் இருக்கிற நெருக்கமான அறைக்குப் போகிறார். துணி அதே துணிதான். அது சொன்ன வாக்கு ஹோட்டல் வாசலில் நின்றுவிடுகிறது. மல்கம் எக்ஸை மேற்கோள் காட்டுகிற எங்கள் ஹஜ் மலர்கள் இந்த வாசலைப் பற்றி எழுதுவதில்லை.

இப்போது எங்கள் கண்முன் நடந்த விசயத்துக்கு வருகிறேன்.

கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி மூலம், தொற்றால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பது இந்த நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அந்த மார்ச் மாதமே வழிகாட்டல் வெளியிட்டிருந்தது. இங்கே அது காதில் ஏறவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசெம்பர் 1ஆம் திகதி தள்ளுபடியாகின. அதே மாதம் 9ஆம் திகதி, பிறந்து இருபதே நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் ஜனாஸா பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. குளிப்பாட்டலும் இல்லை, கபனும் இல்லை, கப்றும் இல்லை. ஒரு மையித்துக்கு உயிரோடு இருப்பவர்கள் மேல் உள்ள உரிமைகள் பறிபோயின. பர்ளு கிபாயா என்று படித்த எல்லோரும் அன்று கையைப் பிசைந்துகொண்டு நின்றோம்.

அந்த நாட்களில்தான் கொழும்பில், பொரளைத் தகனசாலையின் வேலியிலும் படலையிலும் வெள்ளைத் துணிகளை ஆட்கள் கொண்டுவந்து கட்டத் தொடங்கினார்கள். கபன் சீலைப் போராட்டம் என்று அதற்குப் பெயர் வந்தது. முஸ்லிம் அல்லாதவர்களும் கட்டினார்கள். கோஷம் இல்லை, கல்லெறி இல்லை. முழ அளவில் கிழித்த வெள்ளைத் துணி மட்டும். பின்னர் அவை அகற்றப்பட்டன. ஆட்கள் வேறு இடங்களிலும், தங்கள் வீட்டு வாசல்களிலும் கட்டினார்கள்.

அந்தக் காலத்தில் தமிழில் கவிதைகள் நிறைய வந்தன. நான் வாசித்தவற்றில் பெரும்பாலானவை அந்த வெள்ளையைப் பாவமறியாக் குழந்தையின் நிறமாகவே பாடின. அந்தப் பிஞ்சை நினைத்து எழுதியவர்களின் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் ஒரு வாசிப்பாக அது போதாது என்பது என் கருத்து. வேலியில் ஆடிய அந்தத் துணி குழந்தையின் குற்றமின்மையை மட்டும் சொல்லவில்லை. அது உரியவர் மேல் சுற்றப்படாமல் மிஞ்சிப்போன துணி. 'இது போய்ச் சேர வேண்டிய உடம்பு எங்கே?' என்று கேட்ட துணி. எரிக்கிற இடத்தின் வேலியில் கட்டியதால், உள்ளே நடப்பதன் கறை வெளியே தெரிந்தது. வெள்ளையின் வேலை என்று மார்க்கம் எதைச் சொன்னதோ, அதை அந்தத் துணி செய்தது. அதைப் பார்த்த யாருக்கும் மனசு ஆறவில்லை. ஆறக்கூடாது என்பதற்காகத்தான் அது கட்டப்பட்டது.

இந்த நாட்டு அரசியல்வாதிகளின் உடுப்பும் வெள்ளைதான். தேசிய உடை, வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரி. 'வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிக்கிறாங்க' என்று எங்கள் ஆட்கள் சிரித்துக்கொண்டு சொல்வதில் நூறு விமர்சனக் கட்டுரை அடங்கும். ஆட்சியில் இருப்பவர்களின் வெள்ளை, கறையே இல்லை என்று காட்டுவதற்கு. பொரளை வேலியின் வெள்ளை, கறை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு. அந்த டிசெம்பரில் இரண்டு வெள்ளைகளும் எதிரெதிரே நின்றன.

அடுத்து நடந்ததில் இந்தத் தீவகத்துக் கடலும் சம்பந்தப்பட்டது. 2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் மாத ஆரம்பத்தில், அடக்குவதற்கு இரணைதீவைத் தேர்ந்திருப்பதாக அரசு அறிவித்தது. இரணைதீவு மக்கள் தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள். யுத்தத்தில் இடம்பெயர்க்கப்பட்டு, கால்நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்து, 2018இல் தாங்களாகவே படகேறித் தங்கள் மண்ணுக்குத் திரும்பியவர்கள். அவர்கள் எதிர்த்தார்கள். அதை முஸ்லிம் விரோதம் என்று அவசரப்பட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சமூகத்தின் மையித்தை எடுத்து, பாடுபட்டு மீட்ட இன்னொரு சமூகத்தின் மடியில் கேட்காமல் போட்டால் இரண்டு பேருக்கும்தான் காயம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் விரட்டப்பட்ட சமூகம் நாங்கள். உம்மா வாப்பாமாரின் கப்றுகளை மையவாடியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு நடந்தவர்களுக்கு, மண்ணை இழப்பது என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடைசியில் மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில், மஜ்மா நகர் மண்ணில், அடக்கம் தொடங்கியது. எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கேட்க 2024 ஜூலையில் முடிவெடுத்தது. எரிந்தவர்களுக்கு அதற்குள் மூன்று நாலு வருசம் ஆகியிருந்தது.

இவ்வளவையும் கண்ட ஒரு சமூகத்தின் எழுத்து, வெள்ளையைப் பற்றி எழுதும்போது 'கண்ணுக்குக் குளிர்ச்சி, மனதுக்குச் சாந்தி' என்று முடித்துவிட்டால் அது யாருக்குச் சேவை செய்கிறது? அமைதி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று உள்ளம் ஆறியிருப்பது, மற்றது வாய்மூடியிருப்பது. எங்கள் மலர்க் கட்டுரைகள் முதலாவதைச் சொல்லிக்கொண்டு இரண்டாவதைப் பழக்கிவிடுகின்றன என்பதே என் குற்றச்சாட்டு.

வெள்ளையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அது சுன்னத்தான விருப்பம், அழகு, ஜும்ஆவுக்கு உகந்தது. அதை உடுத்தவர் கிணற்றடிக்கும் ஒருமுறை போகட்டும். இத்தா முடிந்த பெண்ணை அவள் விரும்பிய நிறத்தில் விடட்டும். இஹ்ராமில் தன் பக்கத்தில் நின்றவர் எங்கே தங்குகிறார் என்று விசாரிக்கட்டும். எழுதுகிறவர்கள் ஹதீஸின் இரண்டாம் பாதியையும் சேர்த்து எழுதட்டும்.

கபனைப் பற்றிய இரண்டு செய்திகள் எனக்கு எந்த உளவியல் கட்டுரையையும்விடப் பெரியவை. உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரழி) அவர்களைக் கபனிட இருந்தது ஒரேயொரு கோடு போட்ட கம்பளித் துண்டு. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடிவிட்டுக் காலில் இத்கிர் புல்லைப் போட்டார்கள். அங்கே வெள்ளையும் இல்லை, முழுத் துணியும் இல்லை. ஆனால் தோழர்களால் செய்ய முடிந்தது செய்யப்பட்டது.

மற்றது அபூபக்ர் (ரழி) அவர்களின் கடைசி நேரம். தன் மேல் இருந்த துணியைப் பார்த்தார்கள். அதில் குங்குமப்பூச் சாயத்தின் கறை இருந்தது. இதைக் கழுவி, இன்னும் இரண்டு துணி சேர்த்து அதிலேயே கபனிடுங்கள் என்றார்கள். இது பழசாச்சே என்று மகள் ஆயிஷா (ரழி) சொன்னபோது, புதுத் துணிக்கு மையித்தைவிட உயிரோடு இருப்பவர்தான் உரித்துடையவர் என்று மறுத்துவிட்டார்கள். ஒரு கலீபா, கறைபட்ட பழைய துணியைக் கழுவச் சொல்லி அதில் போகிறார். புதுசை உயிரோடு இருக்கிற ஏழைக்கு விட்டுவிட்டு.